விருந்தாளிக்காக நின்ற லாரிகள்

என் மகள் கினாந்தி காலையில் போன் செய்தால், சாப்பிட்டாயா தூங்கினாயா என்றெல்லாம் கேட்க மாட்டாள். எங்கள் ரோட்டின் காற்று மாசு எண்ணைத்தான் முதலில் சொல்வாள். "அம்மா, இன்னைக்கு நூத்தி அறுபத்தி மூணு. சிவப்பு." அவள் இருப்பது மலைமேல் வோனோசோபோவில், என் அக்கா வீட்டில். நான் இருப்பது ஜகார்த்தாவுக்கு வெளியே ராவாசாலாக்கில், அந்தச் சிவப்பின் நட்டநடுவில். என் வாசலில் காற்று எவ்வளவு மோசம் என்று எங்கோ மலையில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பெண் எனக்குச் சொல்ல, நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து கேட்டுக்கொள்வேன்.

மூச்சிரைப்பு தாங்காமல்தான் அவளை அங்கே அனுப்பினோம். எங்கள் வீடு மெயின் ரோட்டைப் பார்த்த வீடு. சிமெண்ட் ஆலை லாரி, கோடவுன் லாரி, மண் லாரி எல்லாம் அந்த ஒரே ரோட்டில்தான். வெள்ளைச் சட்டையைக் காயப்போட்டால் சாம்பல் சட்டையாக எடுக்கலாம். "மருந்து நான் குடுத்துட்டே இருக்கேன் இபு. காத்தை நான் எங்கேர்ந்து குடுக்கறது?" என்றார் டாக்டர். பெண்களை மரியாதையாக இபு என்பது எங்கள் வழக்கம். வீட்டை விற்கலாம் என்றால், அந்த ரோட்டில் வீடு வாங்கும் அளவுக்கு யாருக்கும் மூளை கெடவில்லை. என் கணவர் கலிமந்தானில் சுரங்க வேலை; வந்துபோகிற மனிதர். லாரிகள் இந்த ரோட்டை விட்டுப் போகும் நாளில் மகள் திரும்பி வரலாம் என்று எங்களுக்குள் பேசி வைத்திருந்தோம்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், லாரிகளை ரோட்டை விட்டு அனுப்புவதுதான் என் உத்தியோகமே. நகராட்சியின் போக்குவரத்து அலுவலகத்தில் திட்ட அதிகாரி நான். பெயர் ரத்ரி. ஊருக்குச் சுத்தமான காற்று கொண்டுவருவதற்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டு, பெற்ற பெண்ணை வெளியூரில் வைத்திருக்கிறேன்.

காற்றுக்கு எல்லைக் கல் தெரியாது. எங்கள் பக்கத்து மேயர்களுக்கோ எல்லைக் கல்லைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஒரு வருடம் நாங்கள் பகலில் லாரி வரக்கூடாது என்றோம். அவை பக்கத்து நகரத்தின் வாயிலில் எஞ்சினை அணைக்காமல் வரிசையாக நின்றன. புகை காற்றோடு எங்களிடமே வந்தது. பக்கத்து நகரம் மின்சார பஸ் விட்டது. அது எல்லைப் பாலத்தோடு நின்றுவிடும். இறங்கியவர்கள் இந்தப் பக்கம் வந்து மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்கள். அவரவர் ஊருக்கு அவரவர் திட்டம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை.

கடைசியில் எல்லா நகரங்களையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து ஒரு கூட்டுத் திட்டம் போட்டார்கள். அது கல்லில் நார் உரிக்கிற வேலை. உரித்தவர்களில் நானும் ஒருத்தி. முதல் கட்டத்தில் மூன்று ரோடுகள். அந்த மூன்றிலும் லாரிகள் மொத்தமாக வெளிவட்டச் சாலைக்குப் போய்விடும். பஸ்கள் எல்லை தாண்டி ஓடும். எந்த மூன்று என்பதைச் சரிபார்ப்பு வாரத்தில் வரும் எண்தான் முடிவு செய்யும். ஒருங்கிணைப்புக் குழுவின் ஆட்கள் திங்கள் முதல் வெள்ளி காலை வரை வந்து அந்தந்த ரோட்டில் இருக்கும் கருவியைப் பார்ப்பார்கள். மோசமான மூன்றுக்கு இடம். மிச்சமெல்லாம் ஐந்து வருடம் கழித்து இரண்டாம் கட்டத்தில்.

அதுவரை வந்த எண்களில் எங்கள் ரோடு மோசத்தில் முதல் இடத்தில் இருந்தது. அதைச் சொல்லும்போது எனக்கு ஒரு பெருமையே வந்துவிட்டது. முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் தாயைப் போல.

சரிபார்ப்பு வாரத்துக்கு முன்னால் எங்கள் வட்டத்தின் லூரா பாக் சோபாரியைப் போய்ப் பார்த்தேன். லூரா என்றால் மேயர் நியமித்த வட்டத் தலைவர்; பாக் என்பது ஆண்களுக்குச் சொல்லும் மரியாதை. ஊரில் கல்யாணமோ சாவோ வெள்ளமோ, எல்லாவற்றுக்கும் முதலில் வந்து நிற்பவர். கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவர். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் இவ்வளவு கெடுத்திருக்க முடியாது என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

"பாக், அடுத்த வாரம் ஜகார்த்தாலேர்ந்து குழு வருது. கருவியைப் பாக்கறதுக்கு."

"தெரியும் இபு. மேயர் ஆபீஸ்லேர்ந்து சொல்லிட்டாங்க. நல்லபடியா வரவேற்கணும்னாங்க."

"அதான் சொல்ல வந்தேன். ஒன்னுமே செய்ய வேணாம். ரோடு இருக்கறபடியே இருக்கட்டும். நீங்க சிரமமே படாதீங்க."

அவர் கையைக் குவித்துச் சிரித்தார். "ஆகட்டும் இபு, ஆகட்டும்."

"நிஜமாத்தான் சொல்றேன் பாக். புகையும் புழுதியும் எவ்வளவு இருக்கோ அவ்வளவு நமக்கு நல்லது."

அதற்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். இபு ரத்ரி இவ்வளவு தமாஷ் பேசுவாள் என்று தெரியாதே என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. உள்ளேயிருந்து அவர் மனைவி பொரித்த வாழைப்பழத் தட்டைக் கொண்டுவந்தார். "எதுக்கு இதெல்லாம், சிரமப்படாதீங்க" என்று வாய் தன்னால் சொல்லிற்று. சொல்லிக்கொண்டே இரண்டு துண்டு சாப்பிட்டேன். எங்கள் ஊரில் சிரமப்படாதீர்கள் என்று சொன்ன எந்த வீட்டிலும் யாரும் சிரமப்படாமல் இருந்ததில்லை. அது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க நான் ஊரில் இல்லை. எல்லா நகரங்களின் திட்ட அதிகாரிகளையும் புஞ்சாக் மலையில் ஒரு ஹோட்டலில் கூட்டி வைத்திருந்தார்கள். காற்றைப் பற்றிப் பேசுவதற்குக் காற்று நன்றாக இருக்கும் இடமாகப் பார்த்துப் போவது எங்கள் அரசாங்க வழக்கம். ஆளுக்கொரு காரில், வெள்ளிக்கிழமைக்குள் எப்படியும் ஒரு வழி பிறக்கும் என்று, மலைப்பாதையில் மணிக்கணக்கில் புகை விட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

செவ்வாய்க்கிழமை காலை கினாந்தி கூப்பிட்டாள். குரலில் துள்ளல்.

"அம்மா, நம்ம ரோடு பச்சை."

"என்னது?"

"பச்சைம்மா. நாப்பத்தி நாலு. பெரியம்மாகிட்டயும் காட்டிட்டேன். வோனோசோபோவே இன்னைக்கு அம்பதுக்கு மேல."

கையிலிருந்த காபிக் கோப்பையைக் கீழே வைத்தேன். கருவி கெட்டுப்போயிருக்கும் என்று முதலில் நினைத்தேன். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரி எழுந்து வராந்தாவுக்குப் போய் பாக் சோபாரிக்குப் போன் போட்டேன்.

"பாத்தீங்களா இபு?" என்றார் எடுத்தவுடனேயே. அவ்வளவு சந்தோஷம்.

"என்ன பண்ணீங்க பாக்?"

"பெரிசா ஒன்னும் இல்ல. தீயணைப்பு வண்டி ரெண்டு கேட்டு வாங்கினேன். காலைலயும் மத்தியானமும் தண்ணி அடிக்கறாங்க. மரத்து எலையெல்லாம் கூடக் கழுவியாச்சு. பெண்கள் சங்கத்துல எல்லாரும் யூனிஃபார்ம் போட்டுக் கூட்டறாங்க. கருவியைச் சுத்தி வேலி போட்டு சாமந்தித் தொட்டி வெச்சிருக்கு."

"லாரி?"

"அதுதான் இபு பெரிய காரியம். லாரி முதலாளிங்க சங்கத்துல போய்ப் பேசினேன். விருந்தாளிங்க வர்றாங்கன்னு சொன்னதும் மறுபேச்சு பேசல. வெள்ளிக்கெழமை வரைக்கும் ஒரு லாரி கெடையாது. இன்னைக்குக் காலைல ரோட்ல குயில் சத்தம் கேட்டுச்சு இபு. சத்தியமா."

அந்த மனிதர் மேல் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. அவரைத் திட்ட ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. திட்டுகிற மாதிரி அவர் ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் கோபத்தை இன்னும் ஏற்றியது.

"நிறுத்துங்க பாக். எல்லாத்தையும் இப்பவே நிறுத்துங்க. லாரிய வரச் சொல்லுங்க. எண் நல்லா வந்தா நம்ம ரோடு திட்டத்துலேர்ந்து போயிடும்."

மெதுவாகச் சொன்னார்: "இபு, மேயர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. போட்டோ எடுத்தாச்சு. குழுவும் நேத்து நம்ம பெண்கள் குடுத்த காபியக் குடிச்சிட்டு ரொம்பப் பாராட்டினாங்க. இப்போ நடுவுல நிறுத்தினா மேயர் என்னை என்ன நெனைப்பாரு?"

மேயர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். மேயரின் செயலாளர், ஊரின் பெயர் நன்றாக வந்திருக்கிறது, மேயர் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறார், தயவுசெய்து அதைக் கெடுக்காதீர்கள் என்று தேன் ஒழுகச் சொல்லி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹோட்டலின் பெரிய ஹாலில் முடிவுக் கூட்டம். எல்லோரும் பாத்திக் சட்டையில். திரையில் ரோடுகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. எங்கள் ரோடு கடைசியிலிருந்து இரண்டாவது. தலைவர் பாக் விராவான், நிதானமான மனிதர், ராவாசாலாக் எடுத்திருக்கும் முயற்சியை மற்ற நகரங்கள் பின்பற்ற வேண்டும் என்றார். கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் என் மேலதிகாரி பாக் முல்யோனோவும் தட்டினார்.

நான் கையைத் தூக்கினேன். முல்யோனோ மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தார். மிதிக்கட்டும் என்று எழுந்து நின்றேன்.

"மன்னிக்கணும் பாக். அது எங்க ரோட்டுக் காத்து இல்ல. கழுவி விட்ட காத்து. லாரிய நிறுத்தி, தண்ணி அடிச்சு, பூத்தொட்டி வெச்ச காத்து. நாளைக்கு லாரி வந்ததும் பழையபடி ஆயிடும்."

ஹாலில் எல்லோரும் புன்னகைத்தார்கள். எங்கள் ஊரில் சங்கடம் வந்தால் அப்படித்தான். யார் முகமும் சுளிக்காது, உதடு மட்டும் விரியும்.

"இபு ரத்ரி," என்றார் விராவான், "எண்ணு சரிதான்னு உங்க மேயரே கையெழுத்துப் போட்டிருக்காரு. அவரு சொன்னது பொய்யின்னு நான் சபைல சொல்ல முடியுமா?"

"அப்போ வேற மாதிரி பாருங்க. லாரி நின்னப்போ எங்க ரோடு பச்சையாச்சு. இத்தனை வருஷமா நம்ம திட்டம் பலிக்குமா பலிக்காதான்னு பேசிட்டிருக்கோமே. இதைவிட வேற சாட்சி என்ன வேணும்? எந்த ரோட்டுல பலன் கண்ணுக்குத் தெரிஞ்சுதோ அந்த ரோட்டுலேர்ந்து ஆரம்பிங்க."

இதைச் சொன்னதும் இரண்டு மூன்று பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்கு நம்பிக்கை வந்தது.

"அருமையான கருத்து," என்றார் விராவான். "குறிப்புல சேத்துக்கங்க." பக்கத்திலிருந்த பெண் சேர்த்துக்கொண்டாள். "அப்போ மூணு ரோடு முடிவாச்சு. எல்லாருக்கும் சம்மதம்தானே?"

ஒருமித்துத்தான் முடிவெடுப்போம். ஒருமித்து என்றால் யாரும் வாய் திறக்கக்கூடாது என்று பொருள். எங்கள் நகரத்தின் சார்பில் முல்யோனோ தலையாட்டினார். என் பேச்சு குறிப்பில் இருந்தது. என் ரோடு எதிலும் இல்லை.

சாப்பாட்டு வரிசையில் பக்கத்து நகரத்தின் அதிகாரி இபு யயுக் என் தோளைத் தட்டினாள். அவள் ரோடு மூன்றில் ஒன்றாக வந்துவிட்டது. "எங்க லூரா சரியான சோம்பேறி ரத்ரி. குழு வந்தன்னைக்கு அந்த ஆளு தூங்கிட்டிருந்தாரு. அதனாலதான் எங்களுக்குக் கிடைச்சுது," என்றாள். சிரிப்பு வந்தது எனக்கு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் தன் தட்டிலிருந்த இறால் அப்பளத்தை என் தட்டில் வைத்தாள். அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அது.

ஊருக்குத் திரும்பியபோது ரோட்டின் முகப்பில் பேனர் கட்டியிருந்தது. ராவாசாலாக் சுத்தமான காற்றின் நகரம். படத்தில் மேயர் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு நின்றார். அடுத்த வாரத்துக்குள் மேயரின் பல் வெள்ளை போய்விட்டது. லாரிகள் விட்டுப்போன ஐந்து நாளையும் சேர்த்து ஓடின. சாமந்தி கருகிற்று. கினாந்தி காலையில் கூப்பிட்டு, "நூத்தி எழுபத்தி ரெண்டும்மா," என்று மட்டும் சொன்னாள். நிறத்தைச் சொல்லவில்லை. நான் அவளிடம் ஒன்றும் விளக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாக் சோபாரி வீட்டுக்கு வந்தார். கையில் முட்டை வைத்துப் பொரித்த சூடான மர்த்தாபாக் பொட்டலம். கறுப்புத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். முல்யோனோ எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டாராம்.

"நீங்க நேராச் சொல்லியிருக்கலாம் இபு."

"நேராத்தான் சொன்னேன் பாக். ஒன்னும் செய்யாதீங்கன்னு சொன்னேன். சிரமப்படாதீங்கன்னு சொன்னேன்."

"சிரமப்படாதீங்கன்னு சொன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். மர்த்தாபாக்கைப் பார்த்தார். "முப்பது வருஷ சர்வீஸ் இபு. மேலேர்ந்து யாராச்சும் வர்றாங்கன்னா ரோட்டக் கூட்டு, சுண்ணாம்பு அடி, பூ வையின்னுதான் சொல்லிக் குடுத்திருக்காங்க. அழுக்கைக் காட்டுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. நீங்க சொன்னப்ப, மரியாதைக்குச் சொல்றீங்கன்னு நெனைச்சேன்."

அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பாவம் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. என் பெண் இன்னும் ஐந்து வருடம் வரமாட்டாள். வரும்போது அவள் சின்னப் பெண்ணாக இருக்க மாட்டாள், பெரியவளாகிவிட்டிருப்பாள். இதை அவரிடம் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நேத்து லாரி முதலாளிங்க சங்கத்துக்குப் போயிருந்தேன்," என்றார். "அந்த அஞ்சு நாள் நிறுத்தின மாதிரி எப்பவும் வெளிவட்டச் சாலையில போகக்கூடாதான்னு கேட்டேன். சுங்கம், டீசல், தூரம், அது இதுன்னாங்க. நான் விடல. காலில விழாத கொறையாக் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"அது விருந்தாளிக்காக நிறுத்தினது பாக், அப்படின்னாங்க. மறுபடி விருந்தாளி யாராச்சும் வந்தா சொல்லுங்க, ஒரு சத்தமில்லாம நிறுத்தறோம்னு சொல்லி டீ வாங்கிக் குடுத்தாங்க."

அப்போது போன் அடித்தது. கினாந்தி. பொதுவாகச் சாயங்காலம் கூப்பிட மாட்டாள். மர்த்தாபாக் எண்ணெய் கையில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, ஒன்னு கேக்கணும். அந்த வாரம் மட்டும் எப்படி பச்சையா இருந்துச்சு?"

சொன்னேன். வேறு வழியில்லை. குழு வந்ததையும், தண்ணீர் அடித்ததையும், லாரிகள் நின்றதையும், அதனாலேயே நம் ரோடு திட்டத்தில் இல்லாமல் போனதையும் சுருக்கமாகச் சொன்னேன். பாக் சோபாரியின் பெயரைச் சொல்லவில்லை. அவர் தொப்பியின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"அப்போ லாரிய நிறுத்த முடியும்," என்றாள்.

"முடியும்."

"எப்பவும் நிறுத்த மாட்டாங்களா?"

"விருந்தாளிங்க வந்தா நிறுத்துவாங்களாம்."

கொஞ்சம் யோசித்தாள். அவள் யோசிக்கும்போது மூச்சுச் சத்தம் கேட்கும். இப்போது அது சீராக இருந்தது. மலைக் காற்றின் புண்ணியம்.

"அப்போ நான் விருந்தாளியா வரேம்மா. ஸ்கூல் லீவுக்கு. ஒரு வாரம் போதும். எனக்காக நிறுத்துவாங்களா?"

பாக் சோபாரி சட்டென்று நிமிர்ந்தார். முப்பது வருடப் பழக்கம் அவரை முந்திக்கொண்டது. "என்னைக்கு வர்றா இபு?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே புரிந்திருக்க வேண்டும். வெளியே ஒரு சிமெண்ட் லாரி போயிற்று, அதன் பின்னால் இன்னொன்று.

"யாரும்மா அது?"

"யாருமில்ல கண்ணு." போன் பக்கம் குனிந்தேன். "வராதே கினாந்தி. இப்போ வேணாம்."

இந்த ஊரில் இத்தனை பேரிடம் இத்தனை தடவை நேராகச் சொல்லியிருக்கிறேன். லூராவிடம், மேயர் ஆபீஸில், நிறைந்த சபையில். ஒருவர்கூடச் சொன்னபடி எடுத்துக்கொள்ளவில்லை. இவளும் ஏன் என்று கேட்பாள், அடம் பிடிப்பாள், அழுவாள் என்று காத்திருந்தேன்.

"சரிம்மா," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.